வடசென்னையில் வீடு தேடுவோருக்கு: மெத்தை வீடு முதல் போர்டு வீடு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் தேக்குக் கட்டை போட்ட பழைய மெத்தை வீட்டுக்கு எதிரிலேயே நாலு மாடி பிளாட் நிற்கும். பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தால் சீட் போட்ட லைன் வீடுகள். தெருக்கோடியில் அரசு வாரியம் கட்டிய போர்டு குடியிருப்பு. பிளாட்டில் பார்க்க வேண்டியதைப் போர்டு வீட்டில் பார்த்துப் பயனில்லை, போர்டு வீட்டில் கேட்க வேண்டியதை மெத்தை வீட்டில் கேட்டாலும் அப்படித்தான். ஆனால் எந்த வீடானாலும் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: மனை யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தலைக்கு மேல் இருப்பது என்ன கூரை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கும்.

வடசென்னை என்று இங்கே எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

மாநகராட்சிக் கணக்கில் 1 முதல் 6 வரையிலான மண்டலங்கள்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். இவற்றில் முதல் மூன்றும் 2011-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அதனால் எண்ணூர், மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் பத்திரம் பார்க்கும்போது பழைய நகராட்சி, ஊராட்சி காலத்து ரசீதும் அனுமதியும் கையில் வரும். அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் அதுதான் முறை. அந்த அனுமதி எத்தனை மாடிக்கு என்பதை மட்டும் படித்துப் பாருங்கள்.

என்னென்ன வகை வீடுகள் இருக்கின்றன?

முற்றமும் தாழ்வாரமும் உள்ள மெத்தை வீடுகள் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அதிகம். அதே வீட்டை அறை அறையாகப் பிரித்து விட்டால் ஒண்டுக்குடித்தனம். வரிசையாகக் கட்டிப் பொதுக் குழாயும் பொதுக் கக்கூஸும் வைத்தால் லைன் வீடு. அடுத்து ஹவுசிங் போர்டு, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, மீனவர் குப்பத்து வீடுகள், 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகள், ரயில்வே, துறைமுகக் குவார்ட்டர்ஸ், கொடுங்கையூர்ப் பக்கத்துச் சிறு மனை வீடுகள், கடைசியாக பில்டர் கட்டிய பிளாட். குவார்ட்டர்ஸை யாராவது உள்வாடகைக்குத் தருகிறேன் என்றால் பேச்சையே அங்கே முடித்துக்கொள்ளுங்கள். ஊழியருக்கு ஒதுக்கிய வீட்டை அவர் வெளியாளுக்கு விட முடியாது, சோதனை வந்தால் சாமானோடு வெளியே நிற்கப்போவது நீங்கள்தான்.

ஒண்டுக்குடித்தனத்துக்கும் போர்ஷனுக்கும் என்ன வித்தியாசம்?

பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறார்கள். கக்கூஸ், குளியலறை, தண்ணீர்த் தொட்டி இந்த மூன்றும் பொதுவாக இருந்தால் ஒண்டுக்குடித்தனம். இவை தனியாக இருந்து வாசலும் மாடிப்படியும் மட்டும் பொது என்றால் போர்ஷன். விளம்பரத்தில் "தனி போர்ஷன்" என்று போட்டிருந்தால் எது தனி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு கக்கூஸுக்கு எத்தனை குடும்பம் என்பது வாடகையை விட முக்கியமான எண். மூன்று குடும்பத்துக்கு மேல் போனால் காலையில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் நாள்தோறும் சண்டைதான்.

இன்னொன்று, சமையல் மூலை. பழைய வீட்டு அறையில் ஜன்னல் இருக்காது, அடுப்பைக் கதவோரம் வைத்திருப்பார்கள். வெளியேற ஒரே வழியாக இருக்கும் கதவருகே கேஸ் சிலிண்டர் இருக்கக் கூடாது. எதிர்ச் சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் காற்றுத் துவாரம் எடுத்துத் தர ஓனர் சம்மதித்தால் மட்டும் அந்த அறையைப் பாருங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தங்கும். ஆகவே துவாரம் மேலே ஒன்று, தரை மட்டத்தில் ஒன்று என்று இரண்டாக இருக்க வேண்டும்.

சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அது ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது?

வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கே உயர்ந்த விகிதத்துக்கு மாறும். மூன்று குடித்தனம் ஒரே இணைப்பில் ஆளுக்கு 180 யூனிட் எரித்தால் மொத்தம் 540. தனித்தனி மீட்டராக இருந்தால் ஒவ்வொருவரும் 80 யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவார்கள், அதுவும் கீழ்ப்படி விலையில். ஒரே மீட்டர் என்பதால் இலவசம் 100 மட்டுமே கிடைக்கிறது, விலையும் மேல்படிக்குப் போகிறது. ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வைத்தால் உங்கள் பங்கு 1,620 ரூபாய்.

வீட்டுக்குள் போகும்போது மீட்டர் பலகையை எண்ணுங்கள். குடித்தனம் நாலு, மின்வாரிய மீட்டர் ஒன்று என்றால் வாடகையோடு இந்தத் தொகையையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். சப் மீட்டர் எண்ணைக் குடியேறும் நாளிலேயே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் யார் மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பழைய மெத்தை வீடு குடியிருக்கத் தகுதியானதா? விழுந்துவிடுமா?

மெத்தை வீட்டுக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். நன்றாகப் பராமரித்த மெட்ராஸ் டெரஸ் இன்றைய சீட் வீட்டையும் மலிவான காங்கிரீட்டையும் விடக் குளிர்ச்சியானது. அதன் கட்டுமானம் புரிந்தால் எங்கே கெடும் என்பதும் புரியும்.

சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளைச் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் போட்டிருப்பார்கள். அதன் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்கோட்டில் நிற்கவைத்துச் சுண்ணாம்புக் கலவையால் கோத்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த தளம், மூன்று அங்குலத்துக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இதில் இரும்புக் கம்பியே இல்லை, அதனால் கடற்காற்றில் துருப்பிடிக்கும் தொல்லையும் இல்லை. எதிரிகள் மூன்று: தேங்கும் தண்ணீர், கரையான், ஆட்கள் பிற்காலத்தில் ஏற்றிய பாரம்.

பார்க்கும் முறை இது. ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். கட்டையின் நடுவைப் பார்க்க வேண்டாம், அது பெரும்பாலும் இரும்பு மாதிரி இருக்கும். கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் குத்துங்கள். நல்ல தேக்கில் முனை பதியாது, "டக்" என்று எதிர்க்கும். கெட்டிருந்தால் பிஸ்கட்டில் இறங்குவது போல் அரை அங்குலம் இறங்கும், பழுப்புத் தூள் உதிரும். மாடி நீர் வடிகுழாய்க்கு நேர்கீழே உள்ள கட்டை முனைகள்தான் முதலில் போகும். அடுத்தடுத்து இரண்டு முனை இப்படி இருந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள்.

மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க் நடுவில் இருந்தால் அதை நகர்த்தச் சொல்லுங்கள். நிரம்பினால் ஒரு டன் எடை. அது இரண்டு சுவர் சேரும் மூலைக்கு மேல்தான் உட்கார வேண்டும். மாடியில் ஒழுகுகிறது என்று சிமென்ட் காங்கிரீட் இரண்டு அங்குலம் போட்டிருந்தால், ஒழுக்கு நின்றிருக்கலாம், கட்டை மேல் பாரம் ஏறியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு அடித்த வீடுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுவதற்கும் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஓதம் உள்ளேயே நின்று உப்பாகப் பொரிந்து பூச்சைத் தள்ளிவிடும். அங்கே சுண்ணாம்புப் பூச்சுதான் நிற்கும், செய்யத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டிவிட்டால் போதாது, திரும்பத் தழைக்கும். வேரோடு எடுத்து அந்த இடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும்.

"மனை வாடகை வீடு, கட்டடம் மட்டும் விற்பனைக்கு" என்றால் என்ன?

மனை ஒருவருக்கோ கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ சொந்தம். அதன் மேல் வீட்டைக் கட்டியவர் வேறொருவர், அவர் மனைக்கு மாதாமாதம் சிறு வாடகை கட்டுகிறார். ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு இது. இப்படிப்பட்ட பழைய குடிகளுக்காகவே 1921-ல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு கேட்கவும், நீதிமன்றம் வழியாக மனையை விலைக்குக் கேட்கவும் அது வழி செய்தது. ஆனால் கோயில் முதலான சமய நிறுவனங்களின் மனைகள் 1996 திருத்தத்தோடு அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியே போய்விட்டன.

ஆகவே கட்டடம் மட்டும் வாங்கப் போகிறவர் மனைக்காரர் யார் என்பதில் தொடங்க வேண்டும். கடைசி மூன்று வருஷ மனை வாடகை ரசீது யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்ற மனைக்காரர் எழுத்தில் சம்மதிக்கிறாரா, பாக்கி எவ்வளவு, வழக்கு நிலுவையில் இருக்கிறதா. இந்த நாலில் ஒன்று இழுத்தாலும் விலை மலிவு என்று விழுந்துவிடாதீர்கள். வங்கிக் கடன் இதற்குக் கிடைப்பதும் அரிது, முழுப் பணமும் கையிலிருந்துதான் போகும்.

ஹவுசிங் போர்டும் குடிசை மாற்று வாரியமும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் "போர்டு வீடு" என்றே சொல்வதால் குழப்பம். வீட்டு வசதி வாரியம் 1961-ல் வந்தது. மகாகவி பாரதி நகர் மாதிரி இடங்களில் அது விற்ற மனைகளும் வீடுகளும் விற்பனைப் பத்திரம் ஆகியிருந்தால் மற்ற சொத்து போலவே கைமாறும். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன் வீடுகள் குறிப்பிட்ட குடும்பத்துக்கு ஒதுக்கீடு செய்தவை. பழைய வீடுகள் பெரும்பாலும் 250 சதுர அடிக்குள் இருக்கும், புதிதாகக் கட்டுபவை சுமார் 400 சதுர அடி.

குடிசை மாற்று வாரிய வீட்டை லீஸுக்கு எடுக்கலாமா, வாங்கலாமா?

தவணை முடிந்து வாரியமே விற்பனைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் வாங்கலாம். மற்றபடி ஒதுக்கீட்டுத் தாளை வைத்துக்கொண்டு நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பது விற்பனை ஆகாது. பவர் எழுதி வாங்குவதும் அப்படித்தான். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

நடைமுறையில் ஏராளமானோர் இந்த வீடுகளில் லீஸுக்கு, அதாவது மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பணம் கொடுத்து, இருக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களுக்குள்ள பெரிய ஆபத்து, கட்டடத்தை இடித்துக் கட்டும் நாள். அன்றைக்கு அதிகாரிகள் முதலில் கேட்பது ஒதுக்கீட்டுத் தாளை. லீஸ் பணம் கொடுத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 30, 40 வருஷக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு வருகிற காலம் இது. மூன்று லட்சம், நாலு லட்சம் என்று சேர்த்துவைத்த பணத்தை அதில் போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வேறு வழியில்லை என்றால் மாத வாடகைக்கு இருங்கள், அட்வான்ஸைக் குறையுங்கள்.

பழைய அடுக்குமாடியில் மேல்தளம் உதிர்கிறது. எவ்வளவு உதிர்ந்தால் ஆபத்து?

இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-ல் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விரிசல் பெரிதாவதைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியே வந்ததுதான் காரணம். கட்டடம் சொல்லும் அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால் உயிர் தப்பும்.

உதிர்வதன் காரணம் கம்பி. கடலோரக் காற்றில் உள்ள உப்பு காங்கிரீட்டின் நுண்துளை வழியே கம்பியை எட்டும். கலவையில் உப்பு மணல் போட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே எதிரி உள்ளே இருக்கிறது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம் அடிப்பக்கக் காங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. கடலோரத்துக்கு இந்தியத் தரநிலை கேட்பது எம் 30 தரக் காங்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனம். பழைய கட்டடங்களில் உதிர்ந்த சில்லை எடுத்து அளந்து பாருங்கள், 15 மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம்.

ஒரு துடைப்பக் குச்சியின் அடிமுனையால் மேல்தளத்தை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் "கிண்" என்று ஒலிக்கும். பிரிந்த இடம் "பொத்" என்னும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். குளியலறை, சமையலறை, பால்கனி, இந்த மூன்றும்தான் முதலில் பிரியும், அங்கே எப்போதும் ஈரம். கம்பி ஓடும் நேர்கோட்டில் பழுப்புக் கறை தெரிவது ஆரம்பம். கோட்டில் விரிசல் விடுவது அடுத்த கட்டம். தூணிலோ பீமிலோ குறுக்காகச் சாய்ந்த விரிசல், திடீரென்று கதவு மூட முடியாமல் போவது, இரவில் "படக்" என்று வெடிப்புச் சத்தம் – இவற்றில் ஏதாவது ஒன்று கண்டால் பூச்சு வேலை பேசக் கூடாது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்கி, அக்கம்பக்கத்து வீடுகளையும் காலி செய்யச் சொல்லி, அதன் பிறகு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் சொல்லுங்கள்.

தூணும் பீமும் நன்றாக இருந்து ஸ்லாப் மட்டும் உதிர்ந்தால் சரிசெய்யலாம். வரிசை இது: கீழே ஜாக்கி முட்டு. "பொத்" என்ற பகுதி முழுவதையும் கொத்தி எடுப்பது, கம்பியைச் சுற்றிப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு இடைவெளி வரும் வரை. கம்பியை வயர் பிரஷ்ஷால் வெள்ளையாகும் வரை தேய்ப்பது. கம்பியின் கனம் கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டுவது. துத்தநாக பிரைமர், அது காய்ந்ததும் ஒட்டுப்பசை, அது காய்வதற்குள் பாலிமர் கலவையை மெல்லிய அடுக்காக ஏற்றுவது. ஏழு நாள் ஈரப்படுத்துவது. மேஸ்திரி "ரெண்டு மூட்டை சிமென்ட் போதும், பூசிடலாம்" என்றால் கம்பியைத் தொடப்போவதில்லை என்று பொருள். அந்தப் பூச்சு அடுத்த மழைக்காலம் தாண்டாது, பாளமாக விழும்போது முன்பை விடக் கனமாக விழும்.

சீட் வீட்டில் கோடையைச் சமாளிக்க வழி உண்டா?

சீட்டின் வெளிப்பக்கம் வெள்ளையடிப்பதுதான் செலவில் குறைந்தது, பலனில் பெரியது. சுண்ணாம்போடு கொஞ்சம் பெவிக்கால் கலந்தால் மழைக்குச் சீக்கிரம் கரையாது, மாசி முடிவில் இரண்டு கோட்டு அடித்தால் அந்தக் கோடை தாங்கும். உள்ளே சீட்டுக்கு அடியில் அரை அடி இடைவெளி விட்டு ஒரு தடுப்புக் கூரை போடலாம், அந்த இடைவெளியில் காற்று போக இரண்டு பக்கமும் திறப்பு வேண்டும். மூடிவிட்டால் அது அடுப்பு.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை அறுக்கவோ காய்ந்த நிலையில் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கும். துளை போட வேண்டியிருந்தால் நனைத்துவிட்டுப் போடுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் ஜே போல்ட் துளையில்தான். தார் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், அதை மாற்றினாலே நிற்கும். முனைச் சீட்டின் மேல் செங்கல் வைத்திருப்பதைக் கண்டால் அது சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது பறந்தவை இப்படிப்பட்ட சீட்டுகள். வண்ணத் தகரச் சீட் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் போட்டால் திருகு போட்ட இடத்திலிருந்து துரு ஓடும்.

கொடுங்கையூர்ப் பக்கம் சின்னச் சின்ன மனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள்?

1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கத்தோடு கொடுங்கையூரிலும் மனை, சாலை, தண்ணீர், சாக்கடை கொடுத்து, வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளச் செய்தார்கள். மிகச் சிறிய மனைகள் ஒரு சென்ட் அளவுதான். கழிப்பறையும் ஒரு சுவரும் மட்டும் கட்டிக்கொடுத்த மனைகளும் உண்டு. அருமையான யோசனை, இன்றைக்கும் அந்தத் தெருக்கள் நேராக, வடிகாலோடு இருக்கின்றன. சிக்கல், அந்த அடித்தளம் ஒரு மாடியை நினைத்துப் போட்டது. இப்போது மூன்று மாடி ஏற்றிய வீட்டைப் பார்த்தால் தூண் தனியாக எழுப்பினார்களா, பழைய பொதுச் சுவர் மேலேயே ஏற்றினார்களா என்று கேளுங்கள். பொதுச் சுவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் இடித்துக் கட்டும் நாளில் உங்கள் வீட்டுக்கும் விரிசல் வரும்.

குப்பத்து வீடுகளில் வெளியாட்கள் வாடகைக்கு இருக்க முடியுமா?

பல இடங்களில் இருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுக் குடியேறுவது வழக்கம். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு மாதிரி இடங்களில் வீடு ஒதுக்கீடுதான், வாரிய வீட்டுக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

எண்ணூர், மணலி பக்கம் வாடகை குறைவாக இருக்கிறதே, போகலாமா?

குறைவாக இருப்பதற்குக் காரணம் தெரிந்து போங்கள். தண்ணீர், காற்று, லாரி. மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்த பிறகு போக்குவரத்துக் குறை பாதி தீர்ந்தது. அதற்கு வடக்கே எண்ணூர், கத்திவாக்கம் என்றால் மின்ரயிலும் பஸ்ஸும்தான்.

காற்றை ஒருமுறை போய்ப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும், மணலி ஆலைகளின் வாடை மாத்தூர், மாதவரம் பக்கம் போகும். இரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும், அப்போது திருவொற்றியூர் பக்கம் அடிக்கும். பகலில் வீடு பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லையே" என்று அட்வான்ஸ் கொடுப்பவர்கள் பலர். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை போய் நில்லுங்கள். ஜன்னல் கம்பியில் ஈரத் துணியால் துடைத்துக் கறுப்பு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அப்படி நடந்தால் முகத்தில் நனைந்த துணி கட்டி, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து விலக வேண்டும். வீட்டுக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு வாசல் இருந்தால் அன்றைக்கு அது உயிர்வாசல்.

வெள்ளம் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓனரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்டால் "வராது" என்பார். பக்கத்துப் பெட்டிக்கடையில் "2023 மிக்ஜாம் புயல்ல இங்க எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள், முழங்காலா இடுப்பா என்று கையால் அளந்தே காட்டுவார்கள். கொசஸ்தலை ஆறும் புழல் உபரிநீர்க் கால்வாயும் மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்கின்றன. கடல் பொங்கியிருக்கும் நேரத்தில் முகத்துவாரம் வாங்காது, தண்ணீர் திரும்பி ஊருக்குள் நிற்கும். அந்த டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து வீட்டுச் சுவரெல்லாம் படிந்தது. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் கேப்டன் காட்டன் கால்வாயையும், புளியந்தோப்பு பக்கம் ஓட்டேரி நல்லா என்ற ஓடையையும் பார்க்க வேண்டும்.

சுவரே சாட்சி சொல்லும். புதுப் பெயின்ட் இடுப்பளவு மட்டும் அடித்திருந்தால், கதவின் கீழ்ப்பலகை மாற்றியிருந்தால், மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தால் அர்த்தம் ஒன்றுதான். தரைத்தள வீடு என்றால் தெருவை விட வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்று டேப்பில் அளங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிக்கொண்டே போகிறது. வெள்ளத்துக்கு முன்பே கக்கூஸ் வழியாகச் சாக்கடை எதிர்த்து வரும். சாக்கடை இணைப்பில் ஒருவழி வால்வு போட்டுத்தர ஓனரைக் கேளுங்கள். அது இல்லாத வீட்டில் ஒரு சாக்கு மணலைப் பாலித்தீன் பையில் கட்டிக் கக்கூஸ் வாயில் அழுத்தி வைப்பதுதான் கைவசம் உள்ள வழி.

தண்ணீர் பற்றி என்ன கேட்க வேண்டும்?

நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாள் தேவை, ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் 540 லிட்டர். குடமாகத் தூக்கினால் 36 குடம். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வீட்டுச் சம்புக்கே (நிலத்தடித் தொட்டிக்கே) வருகிறதா, தெரு அடிபம்பிலா, லாரியிலா என்பதைப் பொறுத்து வீட்டில் ஒருவருடைய காலை நேரம் முழுவதும் போகும் அல்லது மிஞ்சும். அடிபம்பு என்றால் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள்.

கடலோரத்தில் போர் (ஆழ்குழாய்) தண்ணீர் உப்பு. சோதிக்கச் சுலபமான வழி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவிட்டு அடியில் எவ்வளவு வெள்ளைப் படிவு என்று பார்ப்பது. குழாய் முனையில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் ஷவரும் கெய்சரும் ஆயுள் குறைவு. தண்டையார்பேட்டையில் 2013-ல் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து கிணறுகளிலும் போரிலும் எண்ணெய் கலந்தது. எங்கே போர் தண்ணீரைப் பார்த்தாலும் வாளியில் பிடித்து வெயிலில் வைத்து மேலே வானவில் படலம் தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் நல்லது. சம்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால் வெள்ளத்தில் சாக்கடை உள்ளே இறங்கும், ஒரு அடி கழுத்து எழுப்பியிருக்க வேண்டும்.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. "வேறு உடன்பாடு" என்ற அந்தச் சொல்லில்தான் பத்து மாதம் நுழைகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு எண் வாங்க வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித்தர வேண்டும். வாடகைத் தகராறு என்று தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை.

லீஸுக்குப் போகிறவர் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். வங்கியில் பத்திரம் அடமானம் வைத்து அது பதிவாகியிருந்தால் அதில் தெரியும். கடன் உள்ள வீட்டில் லீஸ் போட்டால், ஓனர் தவணை தவறும் நாளில் வங்கி வீட்டைப் பூட்டும், உங்கள் பணத்துக்கு வங்கி பொறுப்பல்ல. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பத்திரப் பதிவு அவசியம். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகப் போடுங்கள்.

சிறிய பிளாட் வாங்குகிறோம். வடசென்னையில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்?

யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், சம அளவில் ஆறு வீடு என்றால் ஆளுக்கு 400 சதுர அடி மனைப் பங்கு வர வேண்டும். நாளைக்குக் கட்டடம் உப்புக்காற்றில் போனாலும் மிஞ்சுவது அதுதான். எல்லாப் பத்திரங்களிலும் உள்ள பங்கைக் கூட்டிப் பாருங்கள், 2,400-ஐத் தாண்டினால் மாடியில் அனுமதி இல்லாமல் ஒரு வீட்டை ஏற்றி விற்றிருக்கிறார்கள். 500 சதுர மீட்டருக்குள் உள்ள மனையில் எட்டு வீட்டுக்கு மிகாமல் கட்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணைய) பதிவு தேவையில்லை. இங்குள்ள சிறு பிளாட்டுகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும், எனவே வரைபடத்தையும் கட்டடத்தையும் நீங்களே ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் (தூண் மட்டும் உள்ள தரைத்தள வண்டி நிறுத்துமிடம்) என்று இருந்து, நேரில் அங்கே ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தால் கடன் கொடுக்க வரும் வங்கி என்ஜினியரும் அதைப் பார்ப்பார்.

பதிவுச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டு பணத்தைத் தயார் செய்யுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

டார்ச், ஸ்க்ரூ டிரைவர், டேப், சாக்பீஸ், மூடியுள்ள ஒரு லிட்டர் காலி பாட்டில். பாட்டில், தண்ணீர் பிடித்து வர. ஒருமுறை பிற்பகல், ஒருமுறை விடியல், முடிந்தால் ஒருமுறை மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்தில். மழைக்குப் பிறகு போகிற அந்த ஒரு முறையில் கூரை, சுவர், தெரு மூன்றையும் பார்த்துவிடலாம்.